கவுண்ட்டரை மூடலாமா?

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டுதான் படம் எடுத்துக்கொண்டார். மெஷின் நம்பவில்லை. வாய் திறந்திருப்பதுபோல் தெரிகிறது என்று சொல்லிப் படத்தைத் தள்ளிவிட்டது.

அவர் லண்டன் மாணவி. கறுப்பு இனத்தவர். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டபோது நடந்தது இது.

பிரிட்டனில் பாஸ்போர்ட் வாங்க ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடியே செல்போனில் படம் எடுத்து, இணையம் வழியாக அனுப்பலாம். அந்தப் படம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர்.

2020-ம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் இந்தக் கம்ப்யூட்டரைப் பரீட்சை செய்து பார்த்தது. பல நாட்டு அரசியல்வாதிகளின் படங்களை, ஆயிரத்துக்கு மேல், அதனிடம் கொடுத்தார்கள். வெளுத்த நிறமுள்ள ஆண்களின் படங்களில் நூற்றுக்கு 9 படங்கள் சரியில்லை என்றது. கறுத்த நிறமுள்ள பெண்களின் படங்களிலோ நூற்றுக்கு 22 சரியில்லை என்றது!

சர்க்காருக்கு இது தெரியாதா? தெரியும். இந்த ஏற்பாடு தொடங்கியது 2016-ல். அதற்கு முன்பே சோதனை செய்து பார்த்தார்கள். மிகவும் கறுத்தவர்களுக்கும் மிகவும் வெளுத்தவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது என்று கண்டார்கள். இருந்தாலும், மொத்தத்தில் நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று தொடங்கிவிட்டார்கள். 2019-ல் உள்துறை இலாகாவே இதை ஒப்புக்கொண்டது.

“மொத்தத்தில் நன்றாக!” இந்த இரண்டு வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் எண்பது, தொண்ணூறு பேருக்குச் சரியாக இருந்தால் போதும் என்று அர்த்தம். மீதிப் பேர் யார்? அங்கேதான் சங்கதி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் மீதி, ஆஸ்பத்திரியில் மீதி, உதவித் தொகையில் மீதி, வீட்டில் மீதி என்று கணக்குப் பார்த்தால், திரும்பத் திரும்ப அதே ஜனங்கள்தான் வருகிறார்கள்.

மெஷினுக்கு என்ன கண்?

கம்ப்யூட்டருக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, குழந்தைக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுப்பது போலத்தான். ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டுவார்கள். எந்த முகங்களை அதிகமாகக் காட்டினார்களோ, அந்த முகங்கள் நன்றாகப் பழகிப்போகும். வெள்ளை முகங்களையே காட்டி வளர்த்தால், கறுப்பு முகத்தைக் கண்டதும் திண்டாடும்.

2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முகத்தைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்லும் கம்ப்யூட்டர்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் தவறு மிஞ்சிப் போனால் நூற்றுக்கு 1 கூட இல்லை. கறுத்த பெண்களிடம் நூற்றுக்கு 34 வரை தவறு!

பாஸ்போர்ட் கம்ப்யூட்டர் படத்தைத் தள்ளினால் வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. “படம் சரியாகத்தான் இருக்கிறது” என்று காரணம் எழுதி அனுப்பலாம். ஆனால் ஒருவர் ஒரே சொடுக்கில் முடிக்கும் காரியத்துக்கு, இன்னொருவர் தன் முகத்துக்குச் சமாதானம் எழுத வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

போர்டு இல்லாத வீடு

1950-களில் லண்டனில் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்கள் ஜன்னலில் தொங்கிய போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கறுப்பர்களுக்கு இடம் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். 1965-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை. 1968-ல் வீட்டுக்கும் வேலைக்கும் சேர்த்து இன்னொரு சட்டம் வந்தது. போர்டுகள் போயின.

இன்று அப்படிப்பட்ட போர்டு எங்கும் இல்லை. ஒருவரும் “நீ வராதே” என்று சொல்லவில்லை. மனுப் பாரத்தை எழுதியவருக்கு யார்மேலும் பகை இல்லை. தன்னைப் போன்ற ஒருவர்தான் அதை நிரப்பப்போகிறார் என்று நினைத்து எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

அதன் பலனைப் பாருங்கள். முருகன் என்று ஒருவர். தகப்பனார் கணேசன். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போய்ச் சேர்ந்த எத்தனையோ தமிழர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தில் “குடும்பப் பெயர்” என்ற கட்டம் இருக்கிறது. தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனார் பெயரை அதில் போடுகிறார். ஆஸ்பத்திரியில் “மிஸ்டர் கணேசன்!” என்று கூப்பிடுகிறார்கள். கணேசன் காலமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது!

சிரிக்கலாம். ஆனால் ஓர் இலாகாவில் முருகன் கணேசன், இன்னோர் இலாகாவில் கணேசன் முருகன் என்று பதிவானால் சிரிப்பு வராது. கவுண்ட்டரில் மனிதர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டர், பெயர் பொருந்தவில்லை என்று கதவைச் சாத்திவிடும்.

சோமாலியா, ஆப்கானிஸ்தான் அகதிகள் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1. அத்தனை பேரும் ஒரே நாளிலா பிறந்தார்கள்? இல்லை. பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாதபோது அப்படி எழுதிவிடுவது வழக்கம்.

பசிக்கு ஒரு பாஸ்வேர்டு

பிரிட்டனில் வேலை இல்லாதவர், குறைந்த சம்பளக்காரர், உடம்புக்கு முடியாதவர் ஆகியோருக்கு சர்க்கார் பணம் கொடுக்கிறது. ஆறு விதமான பழைய உதவிகளை ஒன்றாகச் சேர்த்து, 2013-ல் “யுனிவர்சல் கிரெடிட்” என்று தொடங்கினார்கள். இதற்கு மனுப் போடுவது இணையத்தில்தான். போன் மூலமும் போடலாம். ஆனால் அது விதிவிலக்கு. பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதற்குப் பிறகும் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்ன நாள் வா, இன்ன காகிதம் கொண்டு வா என்று அதில்தான் உத்தரவு வரும். பார்க்கத் தவறினால் பணம் நிற்கலாம்.

மனுவில் முதல் படி, நான் இன்னார்தான் என்று இணையத்திலேயே நிரூபிப்பது. “வெரிஃபை” என்று அதற்கு ஒரு ஏற்பாடு 2016-ல் வந்தது. பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பாங்குக் கடன் கணக்கு ஆகியவற்றைக் கேட்டது. வசதி உள்ளவரிடம் மூன்றும் இருக்கும். புதிதாக வந்து குடியேறியவரிடம் இருக்குமா? கடனே வாங்காதவரிடம் கடன் கணக்கு ஏது? யுனிவர்சல் கிரெடிட்டுக்கு இப்படி முயன்றவர்களில் நூற்றுக்கு 38 பேரால்தான் நிரூபிக்க முடிந்தது என்று தேசிய தணிக்கை அலுவலகம் 2019-ல் சொன்னது. 2023-ல் அந்த ஏற்பாட்டையே மூடிவிட்டார்கள்.

வீடும் அப்படித்தான். நகரசபை வீடுகள் காலியானால் பல ஊர்களில் இணையத்தில் பட்டியல் போடுகிறார்கள். வாராவாரம் அதைப் பார்த்து, இந்த வீடு எனக்கு வேண்டும் என்று பெயர் கொடுக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? நூலகத்துக்குப் போங்கள் என்பார்கள். 2010 முதல் 2019 வரை பிரிட்டனில் எழுநூறுக்கு மேற்பட்ட நூலகங்கள் மூடப்பட்டன!

பேரனிடம் சொல்ல முடியாத நோய்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மிகவும் கொடுமை பணமும் இல்லை, வீடும் இல்லை. ஆஸ்பத்திரிதான்.

கொரோனா வந்த 2020-க்குப் பிறகு, டாக்டரைப் பார்க்க நேரே போய் நிற்பது குறைந்துவிட்டது. முதலில் இணையத்தில் ஒரு பாரம் நிரப்புங்கள் என்கிற டாக்டர்கள் அங்கே பெருகிவிட்டார்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இலங்கைத் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பேரன் செல்போனை எடுத்து உட்காருகிறான்.

“அம்மம்மா, என்ன வருத்தம் எண்டு கேக்குது.”

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். அம்மம்மா பேரனின் முகத்தைப் பார்க்கிறாள். அவனிடம் எப்படிச் சொல்வாள்?

“காய்ச்சல் எண்டு போடு ராசா.”

பேரன் அப்படியே போடுகிறான். பாரம் போய்ச் சேருகிறது. காய்ச்சலுக்குப் பதில் வருகிறது.

இத்தனைக்கும் பிரிட்டனின் வைத்திய இலாகாவில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. இங்கிலீஷ் தெரியாத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் அவர்களுடைய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. டாக்டரின் அறைக்குள் போய்விட்டால் அந்த உரிமை கிடைக்கும். ஆனால் அறைக்குள் போகும் வழி செல்போனாகிவிட்டதே! வாசலில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அங்கே பேரன்தான் நிற்கிறான்.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? தெரிந்த கடைக்காரரிடம் போவார்கள். அவரிடம் பாஸ்வேர்டைக் கொடுப்பார்கள். பாங்குக் கணக்கு, உடம்பின் ரகசியம், குடும்பத்தின் ரகசியம் எல்லாம் ஒரு மூன்றாம் மனிதர் கையில். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தார்கள்.

“இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டுமே!”

இப்படிக் கேட்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. 2013-ல் எரிக் பிக்கிள்ஸ் என்ற மந்திரி, அந்நிய மொழிகளில் மொழிபெயர்த்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள் என்று நகரசபைகளுக்கு அறிவுரை சொன்னார். மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஜனங்கள் இங்கிலீஷ் கற்கமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதை அடியோடு தள்ளிவிட முடியாது. போன நாட்டின் மொழியைக் கற்பது நல்லதுதான். கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். 2021 ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இங்கிலீஷ் அல்லாத வேறு மொழியை முதல் மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 51 லட்சம் பேர். அவர்களில் இங்கிலீஷ் சரியாகப் பேச வராதவர்களும் கொஞ்சமும் வராதவர்களும் சேர்ந்து சுமார் 10 லட்சம்தான். ஐந்தில் நாலு பேர் நன்றாகவே பேசுகிறார்கள்! ஆனால் பேசுவது வேறு, சர்க்கார் பாரத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. அது இங்கிலீஷ்காரருக்கே தலைவலி.

எழுபது வயதில் முழங்கால் வலியோடு இருப்பவரிடம், முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வா, பிறகு வலியைச் சொல் என்பது மொழிப்பற்று ஆகாது.

மெஷினால் வேறு மொழி பேச முடியாது என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பேசியது. பிரிட்டனில் டிரைவிங் லைசென்சுக்கு எழுத்துப் பரீட்சை கம்ப்யூட்டரில் நடக்கிறது. கேள்விகளைக் காதில் கேட்க வசதி உண்டு. அது 19 அந்நிய மொழிகளில் இருந்தது. அவற்றில் தமிழும் ஒன்று! 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அந்த வசதியை நிறுத்தினார்கள். ரோட்டில் உள்ள இங்கிலீஷ் போர்டு புரியாமல் வண்டி ஓட்டினால் ஆபத்து, மோசடியும் நடக்கிறது என்று காரணம் சொன்னார்கள். காரை ஓட்டுவதற்கு அந்தக் காரணத்தை ஒப்புக்கொள்வோம். காய்ச்சலைச் சொல்வதற்கும் அதே காரணமா?

மொழி தெரிந்தும் மீதியானவர்கள்

மொழி மட்டும்தான் குறை என்று நினைத்துவிடக் கூடாது. ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் பல நூற்றாண்டுகளாக அந்தத் தீவுகளில் இருப்பவர்கள். நிறமும் வெள்ளை. இங்கிலீஷ் பேசுகிறவர்கள். தனி இனத்தார் என்று கோர்ட்டுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இவர்களுக்காக வேலை செய்யும் ஒரு சங்கம் 2018-ல் விசாரித்துப் பார்த்தது. வீட்டில் இணைய வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு 38 பேர்தான். நாட்டின் பொதுக் கணக்கோ நூற்றுக்கு 86. பெரும்பாலோர் இப்போது வீடுகளில் குடியிருக்கிறார்கள் என்றாலும், 2011 கணக்குப்படி நாலில் ஒரு பங்குப் பேர் வண்டி வீட்டில் வாழ்ந்தார்கள். வண்டிக்குக் கம்பி இழுத்து இணையம் கொடுப்பது யார்? “நிரந்தர விலாசம்” என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

கையில் காகிதம் இல்லை

மெஷினால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு, விடியற்காலை மூன்று மணிக்கும் மனுப் போட முடிவது பெரிய சௌகரியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவுண்ட்டரில் இருந்த எல்லோரும் தர்மராஜாக்கள் அல்ல. நிறத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். மெஷின் முகம் சுளிக்காது.

ஆகையால் மெஷின் இருக்கட்டும். அதைக் காரணம் காட்டிக் கவுண்ட்டரை மூடுவதுதான் தவறு. மூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

பிரிட்டனில் வாழ உரிமை பெற்ற அந்நிய நாட்டவர்களிடம் முன்பு ஓர் அட்டை இருந்தது. பர்சில் வைத்துக்கொள்ளலாம். கேட்டவர்களிடம் நீட்டலாம். 2024 அக்டோபரோடு புது அட்டை கொடுப்பதை நிறுத்தினார்கள். இருந்த அட்டைகளில் பெரும்பாலானவை அந்த டிசம்பர் 31-ந் தேதியோடு காலாவதியாயின. பதிலாக, “ஈ-விசா” என்று இணையத்தில் ஒரு கணக்கு. பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பல வருஷமாக நிம்மதியாக இருந்த வயோதிகர்களையும் இதற்கு மாறச் சொன்னார்கள்.

வேலை கேட்டுப் போனால் முதலாளியிடம் காட்ட அட்டை இல்லை. இணையத்துக்குப் போய்க் கணக்கைத் திறந்து, ஒரு ரகசிய எண்ணை வாங்கிக் கொடுக்க வேண்டும். முதலாளி அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பார். அந்த எண்ணுக்கு ஆயுள் 90 நாள். இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு பிடிக்கவும் இதே கதை. பிரிட்டிஷ் குடிமகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட் புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டுப் போவார்.

செல்போன் தொலைந்தால்? நம்பர் மாறினால்? ஈமெயிலின் பாஸ்வேர்டு மறந்தால்? கணக்கில் பெயர் தப்பாக இருந்தால்? உரிமை இருக்கிறது, காட்ட முடியவில்லை.

இந்த நாட்டுக்கு இதில் ஏற்கனவே சூடு பட்டிருக்கிறது. 1948-ல் “எம்பயர் விண்ட்ரஷ்” என்ற கப்பல், மேற்கிந்தியத் தீவுகளின் ஜனங்களை ஏற்றிக்கொண்டு லண்டனை அடுத்த டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 1973-க்கு முன் வந்தவர்கள் சட்டப்படி குடியிருக்க உரிமை உள்ளவர்கள். பலர் குழந்தைகளாக வந்தவர்கள். அவர்களிடம் காகிதம் இல்லை. சர்க்காரிடம் இருந்த பழைய வருகைச் சீட்டுகளை 2010-ல் அழித்துவிட்டார்கள். பிறகு அதே சர்க்கார், அத்தாட்சி எங்கே என்று கேட்டது! ஆயுள் முழுவதும் வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள். நோயாளிகளுக்கு வைத்தியம் மறுக்கப்பட்டது. 83 பேராவது தவறாக நாடு கடத்தப்பட்டார்கள். 2018-ல் விஷயம் வெடித்தது. பிரதம மந்திரி தெரேசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை மந்திரி ஆம்பர் ரட் ராஜினாமா செய்தார்.

அத்தனையும் நடந்து ஏழு வருஷம் ஆவதற்குள், அட்டையையும் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த விதி ஓர் இனத்தாரை மட்டும் அதிகமாக வாட்டினால், தகுந்த காரணம் காட்டாதவரை அதுவும் பாகுபாடுதான். புது ஏற்பாடு செய்யும்போது எந்த இனத்தாருக்கு என்ன கஷ்டம் வரும் என்று யோசிக்க வேண்டியதும் சர்க்காரின் கடமை. “மொத்தத்தில் நன்றாக” என்ற பதிலுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை என்பது என் கட்சி.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு கவுண்ட்டர் வேண்டும். அதில் ஒரு மனிதர் வேண்டும். பெயர் முன்பின்னாக இருந்தால் திருத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். மொழிபெயர்ப்பாளரை போனில் கூப்பிடும் வசதி வேண்டும். டாக்டரின் வாசலிலும் இதே வசதி வேண்டும். செலவு ஆகத்தான் செய்யும். கவுண்ட்டர்களை மூடி மிச்சம் பிடித்தார்களே, அந்தப் பணத்திலிருந்து கொடுக்கட்டும்.

ஈ-விசா வைத்திருப்பவருக்கு, அவர் கேட்டால், இன்னாருக்கு இங்கே இருக்க உரிமை உண்டு என்று ஒரு தாளில் அச்சடித்து, முத்திரை குத்திக் கையில் கொடுக்கட்டும். பர்சில் மடித்து வைத்துக்கொள்வார். அந்தத் தாளைப் படிக்க முதலாளிக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை.